ரிங் பிரேம் ஸ்பிண்டிலைச் சீராக்குவது: நெல்லைச் சீமை மில் ஃபிட்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாபநாசத்தில் தாமிரபரணி மலையிறங்கும் வேகத்தைக் கொண்டு 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை நடத்தத் தொடங்கினார்கள். அன்று முதல் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் மில் வேலையைப் பற்றிப் பேசாத தெரு இல்லை. கோவில்பட்டியிலும் ராஜபாளையம் சாலையிலும் இன்று எத்தனையோ ஆலைகள் ஓடுகின்றன. அவற்றில் பெரிய ஆலைகளுக்குக் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்ப்பார். பழைய ரிங் பிரேம்களை, அதாவது நூற்பு எந்திரங்களை, வைத்து ஓட்டும் சின்ன ஆலைகளில், நூலை முறுக்கிச் சுற்றும் கதிரான ஸ்பிண்டிலின் நன்மை தீமை முழுவதும் அங்கே உள்ள ஃபிட்டரின் கையில்தான் இருக்கிறது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிண்டிலை மேம்படுத்த வேண்டும் என்றதும் பல இடங்களில் புது செட்டுக்கு விலை கேட்கப் போய்விடுகிறார்கள். 1,008 ஸ்பிண்டில் உள்ள ஒரு பிரேமில் நூலைக் கெடுப்பவை பெரும்பாலும் சிலவே. அந்தச் சிலவற்றை அடையாளம் காண்பதுதான் பாதி வேலை. மீதிப் பாதி சுத்தம், எண்ணெய், நேர்நிறுத்தல், ஸ்பிண்டிலை ஓட்டும் நாடாவான டேப். புதுப் பொருள் வாங்குவது இவை எல்லாம் முடிந்த பிறகு.

எதை எதைப் பார்க்கப் போகிறோம்

ஸ்பிண்டில் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது இரண்டு பாகம். மேலே சுழல்வது பிளேடு. அதோடு டேப் ஓடும் வார்வும், நூல் சுற்றும் டியூபைப் பிடிக்கும் அலுமினியம் பிளக்கும் சேர்ந்திருக்கும். கீழே ஸ்பிண்டில் ரெயிலில் நட்டால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்பது போல்ஸ்டர். போல்ஸ்டருக்குள் மேலே நெக் பேரிங், அடியில் ஃபுட்ஸ்டெப், இடையில் அதிர்வை விழுங்கும் சுருள், எல்லாவற்றையும் நனைத்தபடி எண்ணெய்.

இதில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ரோலர் வைத்த நெக் பேரிங்கில் உள்வளையம் என்று தனியே எதுவும் கிடையாது. ரோலர்கள் நேராகப் பிளேடின் மேல்தான் ஓடுகின்றன. பிளேடுதான் பேரிங்கின் உள்வளையம். ஆகவே பிளேடின் கழுத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால், புது போல்ஸ்டர் போட்டாலும் அந்தப் பேரிங் நெடுநாள் நிற்காது. பிளேடையும் போல்ஸ்டரையும் ஜோடியாகவே கழற்றி, ஜோடியாகவே மாட்ட வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரு பலகையில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு நம்பர் எழுதி, கழற்றும் பிளேடை அதில் நிறுத்துங்கள். சிமெண்ட் தரையில் படுக்கப் போடவே கூடாது.

முதல் படி: கைவைக்கும் முன் அளவு எடுப்பது

தேவையானது சுழலும் வேகத்தை மின்னும் ஒளியால் காட்டும் ஒரு ஸ்ட்ரோபோஸ்கோப், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ், பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, ஒரு நோட்டு.

வேகத்தை முதலில் கணக்குப் போடுங்கள். டேப்பை ஓட்டும் உருளையான டின் ரோலரின் விட்டத்தோடு டேப்பின் கனத்தைக் கூட்டி, அதை வார்வின் விட்டமும் டேப் கனமும் சேர்ந்த தொகையால் வகுத்து, டின் ரோலரின் சுற்றால் பெருக்கினால் ஸ்பிண்டில் வேகம் வரும். 250 மி.மீ. டின் ரோலர், 20.2 மி.மீ. வார்வ், 0.8 மி.மீ. டேப், டின் ரோலர் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் 1,400 × 250.8 ÷ 21 = 16,720. டேப் வழுக்குவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவு எல்லா ஸ்பிண்டிலுக்கும் ஒரே அளவாக இருந்தால் சமாளிக்கலாம். ஒன்றுக்கொன்று மாறினால்தான் வினை.

அது ஏன் என்று கணக்கிலேயே பாருங்கள். 40-ஆம் நம்பர் நூல், முறுக்குக் காரணி 4 என்றால் அங்குலத்துக்கு 25.3 முறுக்கு வர வேண்டும். ஸ்பிண்டில் 16,000 சுற்றில் ஓடினால் முன் ரோலர் நிமிடத்துக்கு 632 அங்குலம் விடுகிறது. ஒரே ஒரு ஸ்பிண்டில் மட்டும் ஐந்து சதவீதம் பின்தங்கி 15,200-இல் ஓடினால் அதன் நூலில் முறுக்கு 24-தான். லேபில் எடுக்கும் சாம்பிளில் அந்தக் காப் (ஸ்பிண்டிலில் சுற்றிய நூல் கண்டு) சிக்குவது அபூர்வம். சங்கரன்கோவில் தறியில் பாவு ஓடும்போது அந்த இடம் வந்து அறும். நெசவாளி நிறுத்தி முடிச்சுப் போடுவார், அவருக்கு அன்றைய கூலி குறையும். ஆலைக்குள் யாருக்கும் தெரியவே தெரியாது.

ஸ்ட்ரோப் பார்க்கும் நேரமும் முக்கியம். மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் உள்ள பிரேமில் காப் அடி கட்டும்போது வேகம் குறைவாகவும், பிறகு கூடுதலாகவும் இருக்கும். வேகம் நிலையாகி, காப் பாதிக்கு மேல் நிறைந்த பிறகு பாருங்கள். பாரம் கூடியிருக்கும் நேரம்தான் சோம்பேறி ஸ்பிண்டில் தன்னைக் காட்டும். சரியானவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். மெதுவானவை பின்னோக்கி நகர்வதுபோலத் தெரியும்.

இனி, கண்டதைப் படிக்கும் முறை. பிரேம்களில் பொதுவாக ஒரு டேப் நான்கு ஸ்பிண்டிலை ஓட்டும், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நான்கும் சேர்ந்து மெதுவாக இருந்தால் குற்றம் டேப்பில் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கி புல்லியில். நான்கில் ஒன்று மட்டும் என்றால் குற்றம் அந்த ஸ்பிண்டிலில். ஒரு பகுதி முழுவதும் என்றால் டின் ரோலரையும் அதன் இணைப்பையும் பாருங்கள். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டாலே வீணாகக் கழற்றும் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

கருவிக்கு முன்னால் கேட்க வேண்டியவர்கள் சைடர் வேலை பார்க்கும் பெண்கள். ஷிப்டு முழுவதும் அதே பிரேமைச் சுற்றி நடப்பவர்கள் அவர்கள். "அண்ணாச்சி, அந்தத் தூணுக்குப் பக்கத்துல மூணாவது கதிரு கத்திக்கிட்டே கெடக்கு, காப்பும் அமுக்குனா அமுங்குது" என்று சொன்னால் அதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஸ்பிண்டில் மெதுவானால், அதைச் சுற்றியுள்ள ரிங் என்னும் வளையத்தில் ஓடும் சிறு கொக்கியான டிராவலரின் இழுவை குறையும், காப் இளகிக் கட்டும். அவர் விரலால் அறிந்து சொல்வது ஸ்ட்ரோப் காட்டுவதையேதான். பல ஆலைகளில் இதைக் கேட்டு எழுத ஒரு நோட்டுகூட இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இரண்டாம் படி: நிறுத்திக் கழற்றுவது

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் சமரசமே வேண்டாம். பிரேமுக்கு அந்தப் பக்கம் யாரோ சுவிட்சைத் தட்டினால் டேப்பும் டின் ரோலரும் விரலைப் பார்த்து ஓடாது.

டேப்பை வார்விலிருந்து இறக்கிவிட்டு, விரலால் ஸ்பிண்டிலைச் சுண்டிச் சுற்றவிடுங்கள். அக்கம்பக்கத்து ஸ்பிண்டிலையும் அதே மாதிரி சுண்டுங்கள். எது சீக்கிரம் நிற்கிறது, எது கடைசியில் உதறி நிற்கிறது என்று ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும். பிறகு பூட்டுக் கொக்கியை விலக்கி, பிளேடை நேர்மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் ரோலரில் உரசும்.

எடுத்ததும் வார்வின் உட்புறத்தைப் பாருங்கள். போல்ஸ்டர் தலைக்கும் வார்வுக்கும் இடையில் பஞ்சுத் தூசி சுற்றிக் கயிறுபோல் இறுகியிருக்கும். ஸ்பிண்டில் மெதுவாவதற்கு இது ஒன்றே காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அதைக் கொக்கி ஊசியால் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாலே சரியாகிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சமவெளியில் புழுதியைக் கிளப்பும். கதவு ஜன்னல் சரியாக மூடாத ஆலைகளில் அந்த மாதங்களில் இந்த அடைப்பைச் சீக்கிரம் சீக்கிரம் எடுக்க வேண்டியிருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஏர் குழாயைப் போல்ஸ்டர் வாய்க்குள் நேராகப் பிடிக்காதீர்கள். தூசி எண்ணெய்க்குள் போய்விடும்.

மூன்றாம் படி: பிளேடுக்குத் தீர்ப்புச் சொல்வது

நுனியைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். பம்பரத்தின் ஆணி மழுங்கினால் அது எப்படித் தலையாட்டுமோ அப்படித்தான் இதுவும். நல்ல நுனி உருண்டு சீராக இருக்கும். தேய்ந்தது தட்டையாகி ஒரு பொட்டுப்போல் மின்னும். அடுத்து, நெக் பேரிங் ஓடும் இடத்தில் நகத்தை மேலும் கீழும் இழுங்கள். நகம் தட்டினால் அந்தப் பிளேடு கழிவு.

பிறகு டயல் கேஜ். பிளேடை நல்ல போல்ஸ்டரில் வைத்து, மேல் முனையில் கேஜை ஊன்றி, கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் ஆடும் அளவு 0.05 மி.மீ. தாண்டினால் நான் தனியே எடுத்து வைத்துவிடுவேன். உங்கள் ஸ்பிண்டில் தயாரிப்பாளர் கொடுத்த அளவு அதைவிடக் கண்டிப்பானதாக இருந்தால் அதையே பிடியுங்கள்.

வளைந்த பிளேடை மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிளேடு பேரிங் ஸ்டீலில் செய்து, ராக்வெல் சி அளவில் 60-க்கு மேல் கடினமாக்கப்பட்டது. அதைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். விழாவிட்டாலும் ஓடிய சூட்டில் பழைய வளைவுக்கே திரும்பலாம். பேட்டை லேத் பட்டறைகளில் கைத்திறன் மிக்கவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நுனியையும் கழுத்தையும் அங்கே கொடுத்துச் சாணை பிடிக்கச் சொல்லாதீர்கள். அந்த வேலைக்கு மைக்ரான் அளவில் பிடிக்கும் கிரைண்டிங் எந்திரம் வேண்டும். லேத்தில் செய்துகொள்ள வேறு நல்ல வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: எண்ணெய்

ஸ்பிண்டிலின் ஆயுள் எண்ணெயில்தான் இருக்கிறது. போல்ஸ்டருக்குள் இருக்கும் அந்தச் சில மில்லி எண்ணெய்க்கு இரண்டு வேலை: உராய்வைக் குறைப்பது, அதிர்வைத் தணிப்பது. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சூடு ஏறும், கரண்ட் கூடும். மிக மெல்லியது ஊற்றினால் அதிர்வு அடங்காது, நுனி தேயும். வேகமாக ஓடும் ஸ்பிண்டில்களுக்கு விஜி (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) 10 முதல் 22 வரையிலான ஸ்பிண்டில் எண்ணெய்கள் பழக்கத்தில் உள்ளன. எது என்பதைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும். இருப்பில் உள்ளதே போதும் என்று இரண்டு கம்பெனி எண்ணெயைக் கலக்காதீர்கள்.

பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்து ஒரு வெள்ளை ஓட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நலம். கறுத்திருந்தால் காலம் கடந்துவிட்டது. மினுமினுவென்று பொடி தெரிந்தால் ஏதோ தேய்கிறது. அந்த ஜோடியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது மேலே ஈரப்பதத்துக்கு வைத்திருக்கும் தெளிப்பான் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகும் பழைய ஷெட்டுகளில் இது வரும்.

போல்ஸ்டரை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டு அப்படியே புது எண்ணெய் ஊற்றுவது பலரும் செய்வது. உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயின் பலத்தைக் கெடுத்துவிடும். அதே ஸ்பிண்டில் எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி, பிளேடை விட்டுச் சுற்றி, உறிஞ்சி எறிந்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

அளவும் சரியாக இருக்க வேண்டும். பிளேடு உள்ளே இறங்கும்போது எண்ணெய் மட்டம் ஏறும். கழுத்துவரை ஊற்றினால் வழிந்து வார்வில் தெறிக்கும், டேப் நனையும், டேப் நனைந்தால் வழுக்கும். ஆக, எண்ணெய் கூடினாலும் ஸ்பிண்டில் மெதுவாகத்தான் ஆகும். காப்பின் அடியில் கறை படிந்து துணிவரை போவது தனிக் கதை.

ஐந்தாம் படி: நேர்நிறுத்தல்

ஸ்பிண்டில் ரிங்கின் நட்ட நடுவில் நிற்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் நூலின் இழுவை ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும். அறுப்பு கூடும், நூலில் மயிர் எழும். எவ்வளவு நல்ல ஸ்பிண்டிலாக இருந்தாலும் இதற்குத் தப்பாது.

வரிசை மாறக்கூடாது. முதலில் பிரேமின் மட்டம், அடுத்து ரிங் ரெயில், பிறகு ரிங்குக்கு ஸ்பிண்டில், கடைசியாக ஸ்பிண்டிலுக்கு, அதன் மேலே நூலை வழிநடத்தும் லாப்பெட். ஸ்பிண்டிலை முதலில் சரிசெய்துவிட்டுப் பிரேம் மட்டத்தைத் தொட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

லேத்தில் செய்துகொள்ளச் சொன்னது இதற்கான கேஜைத்தான். ரிங்கின் உள்விட்டத்துக்குத் தளர்வில்லாமல் பொருந்தும் ஒரு நைலான் வட்டு. அதன் நடுவில் ஸ்பிண்டிலுக்கு ஏற்ற துளை. நைலான் என்றால் ரிங்கின் விளிம்பில் கீறல் விழாது. கடைசலில் வெளிவிட்டத்தையும் நடுத்துளையையும் ஒரே பிடிப்பில் கடையச் சொல்லுங்கள். சக்கிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டிக் கடைந்தால் நடு விலகிவிடும். பிறகு அந்தக் கேஜால் நிறுத்தும் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் விலகித்தான் நிற்கும்.

போல்ஸ்டர் நட்டைத் தளர்த்தி, கேஜை ரிங்கில் வைத்து, ஸ்பிண்டில் தானாக நடுவில் அமர்ந்ததும் இறுக்குங்கள். இறுக்கிய பின் மறுபடி பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதுதான் நகரும். ரிங் ரெயிலைக் கீழே, நடுவில், மேலே என்று மூன்று நிலையிலும் வைத்துச் சோதியுங்கள். கீழே சரியாக இருந்து மேலே விலகினால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. வாஷருக்கு அடியில் பஞ்சோ, துருவோ, ஸ்பிண்டில் ரெயிலில் பிசிறோ இருக்கும். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக டார்க் ஸ்பேனரில் இறுக்குவது நல்லது.

ஆறாம் படி: டேப்பும் டியூபும்

டேப்பில் இணைப்பு ஓடும் திசையைப் பாருங்கள். இணைப்பின் ஓரம் வார்வை எதிர்த்து வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டி, உரிந்து, கடைசியில் பிரியும். ஜாக்கி புல்லியின் பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள். எடையோ ஸ்பிரிங்கோ, பிரேம் முழுவதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

டியூபை யாரும் சந்தேகிப்பதில்லை. உள்சரிவு தேய்ந்த டியூப் கீழே இறங்கி வார்வில் உட்காரும், ஓடும்போது ஆடும். நல்ல ஸ்பிண்டிலின் மேல் ஆடும் டியூபை வைத்துவிட்டு ஸ்பிண்டில் அதிர்கிறது என்று கழற்றுவது வீண் வேலை. டியூபை மாற்றிப் போட்டு ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஸ்பிண்டிலைத் தொட வேண்டும்.

ஏழாம் படி: புதிது போடுவதென்றால்

இவை எல்லாம் செய்த பிறகும் பாதிக்கு மேல் கழிவு என்றால் புது செட் நியாயம். அப்போது சிறிய வார்வுக்குப் போகலாம். 20.2-க்குப் பதில் 18.5 மி.மீ. வார்வ் போட்டால், அதே ஸ்பிண்டில் வேகத்துக்கு டின் ரோலரும் டேப்பும் ஏறக்குறைய எட்டு சதவீதம் மெதுவாக ஓடினால் போதும். மின்செலவு அதில்தான் குறைகிறது. கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலை வைத்திருக்கும் ஆலைக்குக்கூட இது பெரிய காசு. ஆனால் சிறிய வார்வில் டேப் தொடும் பரப்பு குறைவு; வழுக்கல் கூடுகிறதா என்று ஸ்ட்ரோப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே பிரேமில் இரண்டு அளவு வார்வைக் கலக்கவே கூடாது. ஸ்டோரில் ஸ்பேர் இல்லை என்று ஒன்றிரண்டை மாற்றிப் போட்டால் அந்த நூலில் முறுக்கு எட்டு ஒன்பது சதவீதம் மாறும்.

எல்லாப் பிரேமுக்கும் ஒரே மூச்சில் ஆர்டர் போடாமல், ஒரு பிரேமில் மட்டும் மாற்றி, அதே நம்பர், அதே பஞ்சு, அதே வேகத்தில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று மீட்டர் வைத்து முன்னும் பின்னும் எழுதுங்கள். முதலாளியிடம் பேச அந்தத் தாள் ஒன்றே போதும்.

சணல் ஆலைக்குப் போகிறவர்களுக்கு

நம் பக்கத்து ஃபிட்டர்கள் சிலர் வெளிமாநில ஆலைகளுக்கும் போகிறார்கள். 1855-இல் ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை வந்ததிலிருந்து அந்தத் தொழில் ஹூக்ளிக் கரையில்தான் குவிந்திருக்கிறது. அங்கே ரிங்கும் டிராவலரும் இல்லாத ஃபிளையர் பிரேம்களைப் பார்ப்பீர்கள். ஃபிளையர் ஸ்பிண்டிலோடு சுழலும். பாபினை நூலே இழுத்துச் சுற்றும். பாபினைத் தடுக்கும் உராய்வுதான் நூலின் இழுவையைத் தீர்மானிக்கும். வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்று அளவில்தான். இங்கே கற்ற பிளேடு, எண்ணெய், டேப் பாடம் அங்கும் செல்லும். கூடுதலாக மூன்று பாருங்கள். ஃபிளையரின் இரு கால்களும் சம எடையில் இருக்கின்றனவா. நூல் நுழையும் கண்ணில் நூல் அறுத்த பள்ளம் விழுந்திருக்கிறதா. பாபின் தடை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா. சணலை மென்மையாக்க எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளிப்பதால் அதன் தூசி பஞ்சுத் தூசிபோல் பறக்காது, பசையாக ஒட்டும். காற்றடித்தால் போகாது, துடைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

திருப்பி ஓட்டும்போது

முதலில் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு ஸ்பிண்டிலாகக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு ஷிப்டு முடிந்ததும் எண்ணெய் வழிந்த தடம் எங்காவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே காப் அளவில் மறுபடி ஸ்ட்ரோப். புது போல்ஸ்டரின் முதல் எண்ணெயைக் கையேடு சொல்லும் மணி நேரத்தில் கண்டிப்பாக மாற்றுங்கள். புதுப் பேரிங் பழகும்போது உதிரும் பொடி முழுவதும் அதில்தான் இருக்கும்.

கழித்த பிளேடுகளை நல்லவற்றோடு ஸ்டோருக்கு அனுப்பாதீர்கள். இரவு ஷிப்டில் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கழித்த அன்றைக்கே அவற்றின் நுனியைச் சாணைக்கல்லில் அடையாளம் தெரியும்படி சீவிவிட்டுப் பழைய இரும்பில் போடுங்கள்.